கீழ்ப்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் அகதி முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை கொடுக்கலாமா, கூடாதா?

வைத்திக்குப்பம்:
நேற்று எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்த நான்கு பேரில் மூன்று பேர் காலாப்பட்டு தாண்டி இருக்கிற கீழ்ப்புத்துப்பட்டு முகாம்காரர்கள். ஜன்னல் பாதி முடிந்திருக்கும்போதே பிரஷ்ஷைத் தின்னரில் அலசி வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். இவ்வளவு சீக்கிரமா என்று கேட்டதற்கு, இன்றைக்கு முகாமில் செக்கிங், ஆள் நேரில் நிற்காவிட்டால் அரசு மாதாமாதம் தரும் பணக்கொடையில் பெயர் போய்விடும் என்றார்கள். சின்னவனுக்கு 24 வயது. இங்கேதான் பிறந்தான், இங்கேதான் படித்தான், இலங்கையைப் பார்த்ததே இல்லை. 1987 ஜூலைக்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவனுக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்பது சட்டம். அவனுக்கு இரண்டு பேருமே 'சட்டவிரோதக் குடியேறிகள்'.

2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் ஆணை போட்டது. 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்மேல் பாஸ்போர்ட், விசா இல்லை என்று வழக்குப் போட மாட்டோம் என்று. நல்லதுதான். ஆனால் உன்னை ஜெயிலில் போட மாட்டேன் என்பது வேறு, நீ இந்த ஊர்க்காரன் என்பது வேறு. இங்கே பிறந்த பிள்ளைகளுக்காவது குடியுரிமை கொடுத்துவிட வேண்டும் என்கிறேன். மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

கெடிலக்கரை:
கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, எங்கள் கடலூர் மாவட்டத்திலும் முகாம் இருக்கிறது, குள்ளஞ்சாவடிப் பையன்களோடு கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன்தான் நான். ஆனால் போர் 2009 மே மாதமே முடிந்துவிட்டது. அடைக்கலம் என்பது ஆபத்து தீரும்வரை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்திலேயே ஓர் இலங்கைத் தமிழர் வழக்கில், இது எல்லோரையும் வைத்துக்கொள்ள தர்மசத்திரம் அல்ல, இங்கேயே 140 கோடிப் பேரோடு திண்டாடுகிறோம் என்று நீதிபதி சொன்னார். 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்தே போடவில்லை. இவர்களுக்குக் கொடுத்தால் நாளை மியான்மரிலிருந்து வந்தவருக்கு எதைச் சொல்லி மறுப்பீர்கள்? தமிழ் பேசுகிறார் என்பதற்காக ஒரு சட்டம், பேசாதவருக்கு ஒரு சட்டம் என்று வைக்க முடியாது.

வைத்திக்குப்பம்:
மதத்தைப் பார்த்துச் சட்டம் வைத்தாயிற்றே? 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்தும் 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்து, கிறிஸ்தவர் எல்லோருக்கும் வழி விட்டது. முகாமில் இருப்பவர்களும் பெரும்பாலும் அந்த இரண்டு மதம்தான். இலங்கை என்ற பெயர் மட்டும் பட்டியலில் இல்லை.

புதுச்சேரிக்காரனாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் தாத்தா சொல்தா, பிரெஞ்சுப் படையில் இருந்தவர். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். தாத்தா எழுதிக் கொடுத்தார், அவர் தம்பி கொடுக்கவில்லை. ஒரே வாசல், ஒரே கிணறு, ஆனால் இரண்டு நாடு. 2024-இல் இங்கே நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஓட்டுப் போட எங்கள் வீட்டில் பாதிப் பேர் போனோம், அடுத்த இரண்டே மாதத்தில் பிரெஞ்சுத் தேர்தல் வந்தபோது மீதிப் பேர் போனார்கள். யாரும் யாரையும் ஊரைவிட்டுப் போகச் சொல்லவில்லை. எங்களுக்கு ஒரு கையெழுத்தில் கிடைத்தது, ஈசிஆரில் அரை மணி நேரத் தூரத்தில் இருப்பவனுக்கு 35 வருஷமாகக் கிடைக்கவில்லை என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சுண்ணாம்பாறு:
அது இரண்டு அரசுகள் உட்கார்ந்து போட்ட ஒப்பந்தம், இது அப்படி இல்லை, அதனால் இந்த ஒப்பீடு நிற்காது. எனக்கு வேறொரு கவலை. முகாமில் இருப்பவர்கள் எல்லோரும் இந்தியர் ஆகிவிட்டால் வவுனியாவிலும் மன்னாரிலும் அவர்கள் விட்டுவந்த காணிகள் என்ன ஆகும்? அங்கே தமிழர் தொகை குறைந்தால் யாருக்கு லாபம்? திரும்பிப் போக வழி செய்து கொடுங்கள், நிலத்தை மீட்டுக் கொடுங்கள் என்று நாம் கேட்டிருக்க வேண்டும். குடியுரிமை கேட்பது அந்தக் கோரிக்கையை நம் கையாலேயே மூடுவது.

அய்யனார்_கோயில்_தெரு:
நான் அந்த முகாம்தான். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்பாறு அண்ணா, காணி இருக்கிறவர்கள் எங்கள் முகாமிலும் உண்டு, அவர்களில் சிலர் போகத்தான் ஆசைப்படுகிறார்கள். எங்களுக்குக் காணி இல்லை. எங்கள் கொள்ளுத்தாத்தா துறையூர்ப் பக்கத்திலிருந்து இலங்கை மலைநாட்டு ஹட்டனுக்குத் தேயிலை பறிக்கப் போனவர். 1948-இல் இலங்கை ஒரு சட்டம் போட்டு மலையக மக்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். எங்கள் தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். 1977 கலவரத்தில் தோட்டத்தைவிட்டு வவுனியாவுக்கு ஓடினார்கள். 1984-இல் தலைமன்னார் – இராமேஸ்வரம் கப்பலும் நின்றுவிட்டது. 1990-இல் படகில் வந்தோம். தாத்தா வரவேண்டிய நாட்டுக்குத்தான் வந்தார், ஆனால் பாஸ்போர்ட் இல்லாமல் வந்ததால் 'சட்டவிரோதம்'. இந்திய வம்சாவளியினர் ஏழு வருஷம் இங்கே இருந்தால் பதிவு செய்து குடியுரிமை வாங்கலாம் என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது, சட்டவிரோதக் குடியேறிக்கு அதுவும் கிடையாது.

நான் டிப்ளமா முடித்தேன். ஒரு கம்பெனியில் எல்லாம் பேசி முடித்து, கடைசியாகப் படிவம் கொடுத்தார்கள். நாட்டுரிமை என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'இலங்கை' என்று எழுதினால் அந்த நாட்டு பாஸ்போர்ட் கேட்பார்கள், 'இந்தியா' என்று எழுதினால் பொய். வெறுமையாக விட்டேன். அப்புறம் அவர்கள் கூப்பிடவே இல்லை. இப்போது பெயிண்ட் அடிக்கிறேன்.

2021-இல் அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள், குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் ஆக்கினார்கள், புது வீடுகளும் அறிவித்தார்கள். நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் அந்தக் கட்டம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

கெடிலக்கரை:
தம்பி, மலையக விஷயம் எனக்கு இவ்வளவு விவரமாகத் தெரியாது. இந்தியாவே ஒரு காலத்தில் ஏற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்த ஆட்களின் பேரப்பிள்ளைகள் என்றால் அது தனிக் கணக்கு, அவர்களுக்குக் கொடுக்க வேண்டும், அதில் நான் சண்டை போடவில்லை. 2019-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் இந்திய வம்சாவளிக்காரர்களின் விண்ணப்பத்தை மத்திய அரசு பரிசீலிக்கச் சொன்னதாகப் படித்த ஞாபகம். ஆனால் யாழ்ப்பாணம், திருகோணமலையிலிருந்து வந்தவர்களுக்கு நாடு இருக்கிறது. அவர்களையும் சேர்த்துக் கேட்டால் என் பதில் இன்னும் இல்லைதான். இங்கே சிப்காட்டில் என் தம்பி கான்ட்ராக்டில் கிடக்கிறான், பத்து வருஷமாக நிரந்தரம் கிடையாது, அவனைப் போன்றவர்களுக்கு யார் பேசுவது?

வைத்திக்குப்பம்:
உங்கள் தம்பி கூலியை முகாம்காரன் குறைக்கவில்லை. பேப்பர் இல்லாதவன் கூலியைக் கூட்டிக் கேட்க முடியாது, அதனால்தான் மேஸ்திரி அவனைத் தேடிப் போகிறார். பேப்பர் கொடுத்துப் பாருங்கள், அவனும் உங்கள் தம்பி கேட்கிற கூலியைத்தான் கேட்பான்.

சுண்ணாம்பாறு:
இது நியாயமான பேச்சு. ஆனாலும் காணி கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

அய்யனார்_கோயில்_தெரு:
யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம் அண்ணா. புதுச்சேரிக்குக் கொடுத்த அதே ஆறு மாதத்தைக் கொடுங்கள். காணி இருக்கிறவர் கப்பல் கேட்கட்டும், நாங்கள் கையெழுத்துப் போடுகிறோம்.

கெடிலக்கரை:
தாத்தா போட்ட விண்ணப்பத்தின் நகல் ஏதாவது வைத்திருக்கிறீர்களா? என் மாமா ஒருவர் வக்கீல், காட்டிக் கேட்கிறேன்.

அய்யனார்_கோயில்_தெரு:
இருக்கிறது. படகில் வரும்போது அம்மா பாலிதீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் பட்டுப் பெயரில் பாதி போய்விட்டது, முத்திரையும் எண்ணும் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை, கடலூருக்கே எடுத்துக்கொண்டு வரட்டுமா?