பவர் ஆட்டோமேட்: எல்லாம் பச்சை டிக், ஆனால் பாதி வண்டிக்கு மெயில் வரவில்லை

லாரிஷெட்:
எங்கள் 340 வண்டிகளின் எஃப்சி (தகுதிச் சான்று) முடியும் தேதியை ஒரு ஷேர்பாயிண்ட் லிஸ்டில் (ஆன்லைன் அட்டவணை) வைத்திருக்கிறேன். வேலைகளைத் தானாகச் செய்யும் பவர் ஆட்டோமேட்டில் ஒரு ஃப்ளோ (படிகளின் வரிசை) போட்டிருக்கிறேன்: காலை 7 மணிக்கு அதைத் தொடங்கும் ரெகரன்ஸ், அடுத்து லிஸ்ட் வரிகளை எடுக்கும் கெட் ஐட்டம்ஸ், ஒவ்வொரு வரியாகச் சுற்றும் அப்ளை டூ ஈச், அதற்குள் 30 நாளில் முடிகிறதா என்று ஒரு கண்டிஷன், ஆமாம் என்றால் மெயில். எரர் எதுவும் இல்லை. ஆனால் போன வருடம் சேர்த்த வண்டிகள் ஒன்றுக்குக்கூட மெயில் வந்ததில்லை, நேற்று அதில் ஒன்று எஃப்சி முடிந்தது தெரியாமல் லோடோடு செக்போஸ்டில் மாட்டி, டிரைவர் ராத்திரி முழுக்க வண்டியிலேயே கிடந்தார். எதைத் தப்பாகச் செய்திருக்கிறேன்? அப்புறம், 7 மணி என்று போட்டும் மெயில் 12.30க்குத்தான் வருகிறது.

நூல்கண்டு:
கெட் ஐட்டம்ஸ், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் முதல் 100 வரியை மட்டும்தான் எடுக்கும். 101-வது வண்டி லூப்புக்குள் வரவே இல்லை, எரர் எங்கிருந்து வரும்? அதன் செட்டிங்ஸில் பேஜினேஷனை (மீதி வரிகளையும் பக்கம் பக்கமாக எடுப்பது) ஆன் செய்து 1000 என்று கொடுத்தால் எல்லாம் வந்துவிடும், ஆனால் பத்து வண்டிக்காக 340 வரியை இழுத்துச் சுற்றுவது வீண் வேலை. தேதி நிபந்தனையைக் கெட் ஐட்டம்ஸின் ஃபில்டர் குவெரியிலேயே (எந்த வரிகளை எடுப்பது என்று சொல்லும் இடம்) போடுங்கள், கண்டிஷனே வேண்டாம். 'இன்றிலிருந்து 30-வது நாள் வரை' என்று மேல் எல்லை மட்டும் வையுங்கள், கீழ் எல்லை வைத்தால் ஏற்கெனவே முடிந்த வண்டிகள் விட்டுப்போகும். மணிக் குழப்பத்துக்குக் காரணம் ரெகரன்ஸில் டைம் ஸோன் காலியாக இருப்பது, அப்போது 7 என்றால் யுடிசி (உலகப் பொது நேரம்) 7, நம் நேரம் 12.30.

மூன்றாம்_ஷிஃப்ட்:
சார், வண்டிக்கு ஒரு மெயில் அனுப்பாதீர்கள், பத்து வந்தால் யாரும் திறக்க மாட்டார்கள். கிரியேட் எச்டிஎம்எல் டேபிள் ஆக்ஷனில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மெயிலாக அனுப்புங்கள். இந்த ஆக்ஷன்கள் முழுவதையும் ஒரு ஸ்கோப்புக்குள் (பல படிகளை ஒன்றாகக் கட்டும் பெட்டி) வைத்து, அதன் கீழே உங்களுக்கு மட்டும் போகும் மெயில் ஒன்றைச் சேர்த்து, அதன் ரன் ஆஃப்டரில் (முந்தைய படி எப்படி முடிந்தால் இது ஓட வேண்டும் என்ற செட்டிங்) ஃபெயில்டு, டைம்டு அவுட் இரண்டையும் டிக் செய்து சக்ஸஸ்ஃபுல்லை எடுத்துவிடுங்கள். ஃப்ளோ நடுவில் நின்றால் அன்றைக்கே தெரியும்.

லாரிஷெட்:
இருவருக்கும் நன்றி. ஃபில்டர் முதலில் எரர் அடித்தது. லிஸ்டில் தேதி இருக்கும் காலத்துக்கு (column) தமிழில் பெயர் வைத்திருந்தேன், உள்ளே அது வேறு எழுத்துகளாக மாறியிருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பெயரோடு புதுக் காலம் போட்டு, தேதிகளை அதற்கு மாற்றியதும் ஓடிவிட்டது. இன்று காலை 7க்கு ஒரே மெயில், 17 வண்டி. அதில் நான்கு ஏற்கெனவே முடிந்தவை, நான்கையும் ஷெட்டிலேயே நிறுத்திவிட்டேன்.