டிப்ஸ்டிக் வழியா ஆயில் உறிஞ்சி மாத்தலாமா?

கேள்வி: செங்கோட்டை. சாரல் நேரம், ஈரத்தரையில வண்டிக்கடியில படுக்க முடியலை. 1.2 லிட்டர் பெட்ரோல் கார், கையேட்டுல ஃபில்டரோட 3.1 லிட்டர் ஆயில். டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கிற கம்பி) துளை வழியா ஆயிலை உறிஞ்சுற கைப்பம்பு எக்ஸ்ட்ராக்டர் வாங்கலாமா அண்ணாச்சி?

பதில் 1: முதல்ல ஃபில்டர் எங்க இருக்குன்னு பாருங்க. மேலிருந்து கைக்கு எட்டினா வாங்குங்க. அடியில இருந்தா எப்படியும் ஜாக்கி போடணும், அப்போ ஆயில் வடிக்கிற அடி நட்டைக் கழட்டுறதே மேல்.

வண்டி சமதரையில நிக்கணும். இன்ஜினை அஞ்சு நிமிஷம் ஓட்டி நிறுத்துங்க. கொதிக்கிற ஆயில்ல பம்புக் குழாய் இளகிரும், ஆறினா ஆயில் ஏறாது. டிப்ஸ்டிக் அளவைக் குறிச்சுக்கிட்டு, ஆயில் மூடியைத் திறந்து, குழாயை டிப்ஸ்டிக் துளை வழியா, சம்போட (இன்ஜினுக்கு அடியில ஆயில் தேங்குற தொட்டி) தரை தட்டுறவரை இறக்குங்க. தட்டினதும் துளி மேல இழுக்கணும். அழுத்தி இறக்கினா நுனி வளைஞ்சு மேல பார்க்கும், காத்தைத்தான் உறிஞ்சும். கொர்ருன்னு சத்தம் வந்தா உருவி, திருப்பிப் போடுங்க.

பதில் 2: வந்த ஆயிலை அளந்தே ஆகணும். 2.5 தான் வந்திருக்க, 3.1 ஊத்தினா அளவு மீறும். இன்ஜின்ல சுத்துற கிராங்க் தண்டு ஆயிலை அடிச்சு நுரை கட்டும். 2.5 ஊத்தி, ஒரு நிமிஷம் ஓட்டி, அஞ்சு நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமா சேருங்க. ஃபில்டர் ரப்பர்ல புது ஆயில் தடவி, தொட்டதுக்கப்புறம் கையால முக்கால் சுத்து போதும்.

பதில் 3: சில சம்புல டிப்ஸ்டிக் குழாய் ஆழமான இடத்துக்கு நேரா இறங்காது. அடிக்கசடும் இரும்புத்தூளும் தங்கிரும். அதனால ஒரு தடவை விட்டு ஒரு தடவை நட்டு வழியா வடிங்க, புது வாஷர் போட்டு. பழைய ஆயிலை ஓடையில விடாம, ஒர்க்‌ஷாப் டிரம்ல சேர்த்திருங்க.