ஸ்டாவ்ரோஸ்: கம்பமா, சிலுவையா?

கயல்: பெரியப்பா, புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் சிலுவைக்கு 'ஸ்டாவ்ரோஸ்' என்ற சொல் வருவதாகவும், நட்டு வைத்த கம்பம் என்பதே அதன் பொருள் என்றும் படித்தேன். அப்படியானால் குறுக்குக் கட்டை பிற்காலக் கற்பனையா?

பெரியப்பா: பழைய பொருள் கம்பம்தான், கயல். பழங்கிரேக்கக் கவி ஹோமரின் ஒடிசி காவியத்தில் பன்றி மேய்ப்பவன் தன் தொழுவத்தைச் சுற்றி, கருவாலி மரத்தைப் பிளந்து நெருக்கமாக நட்ட கழிகளுக்கு இதே சொல்தான் வருகிறது. ஆனால் அவர் காலத்துக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் கழிந்து, ரோமர்களின் தண்டனை முறையும் பரவிவிட்டதால், வேரை மட்டும் வைத்து முடிவு கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. குற்றவாளியைச் சுமக்க வைத்து இழுத்துச் செல்லும் குறுக்குக் கட்டைக்கு லத்தீனில் 'பாட்டிபுலம்' என்று தனிப் பெயரே இருந்தது.

அத்தை: எல்லோரையும் ஒரே வடிவத்தில்தான் அறைந்தார்களா, அண்ணா?

பெரியப்பா: இல்லையம்மா. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமச் சிந்தனையாளர் செனெக்கா, தலைகீழாகத் தொங்கவிடப்பட்டவர்களையும், கழுவேற்றப்பட்டவர்களையும், கைகளை விரித்துக் கட்டையில் பிணைக்கப்பட்டவர்களையும் அடுத்தடுத்துக் குறிப்பிட்டு, அந்தக் கருவிகள் அனைத்தையும் 'க்ருக்ஸ்' என்ற ஒரே லத்தீன் சொல்லால் அழைக்கிறார்.

கயல்: ஸ்டாவ்ரோஸுக்குக் குறுக்குக் கட்டை இருந்ததற்குக் கிரேக்கத்திலேயே சான்று உண்டா?

பெரியப்பா: உண்டு, அதுதான் எனக்கு மிகவும் பிடித்த சான்று. கிரேக்கர்கள் எழுத்துகளையே எண்களாகவும் வழங்கினார்கள். 300-ஐக் குறிக்கும் 'டாவ்' என்ற எழுத்து, நின்ற கோலின் உச்சியில் ஒரு குறுக்குக் கோடு போட்ட வடிவம் கொண்டது. பைபிளில் வரும் ஆபிரகாமின் ஆட்கள் 318 பேர் என்ற கணக்கை விளக்கவரும் பர்னபாவின் திருமுகம் என்ற பழைய கிறித்தவ நூல், அதிலுள்ள 300 ஸ்டாவ்ரோஸைச் சுட்டுகிறது என்கிறது. வெறும் கம்பத்தை மனத்தில் கொண்டவர் அந்த எழுத்தைத் தேடிப் போயிருக்க மாட்டார்.

அத்தை: நம் 'சிலுவை' எங்கிருந்து வந்தது?

பெரியப்பா: சிரியாக் மொழியின் 'ஸ்லீபா'விலிருந்து வந்தது. அரபியின் 'ஸலீப்' அதற்கு உறவு. போர்த்துகீசியரின் 'க்ரூஸ்' வழியாக வந்த 'குருசு' என்ற சொல்லும் தமிழில் உண்டு. அதன் மூலம் செனெக்கா எழுதிய அதே 'க்ருக்ஸ்'தான்.