கிரிட் ட்ரான்சிஷன்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

சைட்பார்_சண்முகம்

ஒரு டேஷ்போர்டு. இடப்பக்க மெனு 64 பிக்சலில் வெறும் ஐகான்களாக ஒடுங்கியிருக்கும், தொட்டால் 240 பிக்சலுக்கு விரியும். சிஎஸ்எஸ் கிரிட்டில் பத்திகளின் அகலத்தைச் சொல்லும் கிரிட்-டெம்ப்ளேட்-காலம்ஸ் மீது 300 மில்லிசெகண்ட் ட்ரான்சிஷன் (பழைய அளவிலிருந்து புதுசுக்கு மெல்ல நகர்த்துவது), அவ்வளவுதான். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு கிளாஸ் மாற்றுவதைத் தவிர வேலையில்லை. எங்கள் எல்லோர் மெஷினிலும் வழுக்கிக்கொண்டு வந்தது.

டெமோ அன்று வாடிக்கையாளர் தன் பையிலிருந்து பழைய ஐபேட் ஒன்றை எடுத்தார். சஃபாரி 15. மெனுவைத் தொட்டார், டப். மறுபடி தொட்டார், டப். அனிமேஷன் என்ற பேச்சே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "பரவால்லையே! போன தடவை கம்ப்யூட்டர்ல காட்டுறப்ப இழுத்துக்கிட்டே வந்துச்சு. இப்பதான் சுறுசுறுப்பா இருக்கு."

ஃபயர்பாக்ஸ் 2019-லேயே, 66-ஆம் பதிப்பில், இதைக் கொடுத்துவிட்டது. சஃபாரி 16-உம் குரோம் 107-உம் 2022 செப்டம்பர், அக்டோபரில்தான் வந்தன. அதற்கு முந்தைய பிரவுசரில் லேஅவுட் உடையாது, குதிக்கும். அதெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் 300-ஆ 250-ஆ என்று நாங்கள் போட்ட சண்டை என்ன, அந்த மனிதர் ரசித்தது என்ன!

பச்சைப்பட்டை

கேள்வி-பதில் பக்கம். எல்லோரும் போடும் 0எஃப்ஆர், 1எஃப்ஆர் வித்தை (எஃப்ஆர் என்றால் கிரிட்டில் மிச்ச இடத்தின் பங்கு). கிரிட்-டெம்ப்ளேட்-ரோஸ் (வரிசைகளின் உயரம்) மாறுகிறது, உள்ளே இருக்கும் டிவ்வுக்கு (பதில் இருக்கும் பெட்டி) ஓவர்ஃப்ளோ ஹிடன், வெளியே வழிவது தெரியாது. திறப்பது அழகு. மூடினால் முழுதாக மூட மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு கேள்விக்கடியிலும் ஒரு வெள்ளைக் கீற்று. டிசைனர் அதை ஸ்பேசிங் என்று நினைத்து "நல்லா இருக்கு, கொஞ்சம் குறைக்கலாமா" என்று எழுதியிருந்தார்.

பிரவுசரின் இன்ஸ்பெக்டரில் அந்தக் கீற்றின் மேல் மவுஸை வைத்தேன். உள்ளடக்கத்தைக் காட்டும் நீலம் துளிகூட இல்லை. முழுக்க பச்சை. மேலே 16, கீழே 16 பிக்சல், வெறும் பேடிங் (ஓரத்துக்கும் உள்ளடக்கத்துக்கும் நடுவில் விடும் இடம்). உள்ளடக்கம் பூஜ்யமாகச் சுருங்கிவிட்டது, பேடிங் சுருங்க மறுத்து நின்றுகொண்டிருந்தது. பேடிங்கையும் சேர்த்து அளவெடுக்கும் பார்டர்-பாக்ஸ் போட்டிருந்தும் அப்படித்தான். கிரிட்டின் நேர்ப்பிள்ளைக்குப் பேடிங் கொடுக்காமல், அதற்குள் இன்னொரு டிவ் போட்டு அதற்குக் கொடுத்ததும் சரியாகிவிட்டது. சும்மா ஒரு உறைக்காக டிவ் போடுவது எனக்குப் பிடிக்காது. அந்தப் பச்சை நிறம் மட்டும் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

பழைய_கை

ஒரு பெட்டி திறந்து மூட இவ்வளவா? மேக்ஸ்-ஹைட் (உயர வரம்பு) 0-இலிருந்து 1000 பிக்சல். ஒரே வரி. கிரிட் வருவதற்கு முன்பிருந்தே செய்கிறோம், ஒருவரும் குறை சொன்னதில்லை. தம்பிகளா, புதுசாக வந்ததெல்லாம் உங்கள் வேலைக்கென்றே வந்ததில்லை. முதலில் வாடிக்கையாளருக்கு அனிமேஷன் வேண்டுமா என்று கேளுங்கள். அப்புறம் எந்தெந்த பிரவுசர் என்று கேளுங்கள். அப்புறம் எத்தனை பெட்டி என்று கேளுங்கள். அதற்கப்புறம்தான் எடிட்டரைத் திறக்க வேண்டும். நான் சொல்ல வந்த அனுபவம் வேறு, இன்னொரு நாள் சொல்கிறேன்.

அரைநொடி

பழைய_கை அண்ணா, மரியாதையோடு மறுக்கிறேன். உங்கள் ஒரே வரியை எனக்கு முன் இருந்தவர் ஒரு பக்கத்தில் போட்டு வைத்திருந்தார். பதில் 200 பிக்சல் உயரம், மேக்ஸ்-ஹைட் 1000, லீனியர் (ஒரே சீரான வேகம்), அரை நொடி. மூடு பொத்தானை அமுக்கினால் 1000-இலிருந்து 200 வரை இறங்கும் நேரம் முழுக்கத் திரையில் ஒன்றுமே நடக்காது. 0.4 நொடி செத்த நேரம். மிச்சம் 0.1 நொடியில் பெட்டி சடாரென்று மூடும். டெஸ்டர் பெண் பொத்தான் வேலை செய்யவில்லை என்று நினைத்து இன்னொரு முறை அமுக்குவார், மூடத் தொடங்கிய பெட்டி மறுபடி திறக்கும். அவர் அமுக்குவதும் அது திறப்பதுமாக இருந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அவர் அந்த பக் ரிப்போர்ட்டுக்கு வைத்த தலைப்பு: "பட்டன் என்னோட விளையாடுது".

0எஃப்ஆரில் இந்தத் தொல்லை இல்லை. 0.5எஃப்ஆரில் உள்ளடக்கத்தின் உயரத்தில் சரிபாதி நிற்கும். எந்த உயரத்துக்கும் கணக்கு ஒத்துப்போகிறது.

டேப்_விசை

நீங்கள் எல்லோரும் மூடிய பெட்டியைக் கண்ணால் பார்த்துச் சொல்கிறீர்கள். எங்கள் கட்டணப் பக்கத்தைச் சோதிக்க வந்தவர் பார்வையற்றவர், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ வைத்திருந்தார். டேப் அடித்துக்கொண்டே போனவர் நின்றார். "இங்க 'ரத்து செய்'னு ஒரு பட்டன் இருக்கே, எதை ரத்து செய்யும்?" திரையில் அப்படி ஒரு பொத்தானே இல்லை. மூடிக் கிடந்த பெட்டிக்குள் இருந்தது. உயரம் பூஜ்யம் என்பது கண்ணுக்குத்தான், டேப் விசையோடு நகரும் ஃபோகஸுக்கு இல்லை. அவர் எண்டர் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மூடிய நிலையில் விசிபிலிட்டி ஹிடன் (கண்ணிலிருந்தும் ஃபோகஸிலிருந்தும் மறைப்பது) கொடுத்து, அதையும் ட்ரான்சிஷன் பட்டியலில் சேர்த்தால் போதும். மூடி முடியும்வரை தெரியும், முடிந்ததும் மறையும். இந்த வித்தையைச் சொல்லித்தரும் பலர் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள்.

நெடுஞ்சொல்

தமிழ்ச் செய்தித் தளம். மூன்று அட்டைகள், மவுஸ் போகும் அட்டை விரியும்: 1எஃப்ஆர் 1எஃப்ஆர் 1எஃப்ஆர் என்பது 3எஃப்ஆர் 1எஃப்ஆர் 1எஃப்ஆர் ஆகும். ஆங்கில மாதிரி வாசகத்தில் அருமை. தமிழ் தலைப்புகளை ஏற்றியதும் மூன்றாவது அட்டை பாதி வழியில் நின்றுவிட்டது. மற்ற இரண்டும் நகர்கின்றன, இது மட்டும் முரண்டு.

அனிமேஷன் பேனலில் வேகத்தை 10 சதவீதத்துக்கு இறக்கிப் பார்த்தேன். அட்டை சுருங்கிக்கொண்டே வந்து "அறிவிக்கப்பட்டிருக்கிறது" என்ற சொல்லின் விளிம்பில் முட்டி நின்றது. எஃப்ஆருக்குக் குறைந்தபட்ச அளவு ஆட்டோ, அதாவது உள்ளே இருக்கும் மிக நீளமான சொல்லின் அகலம். நம் சொற்களின் நீளம்தான் தெரியுமே. அட்டைக்கு மின்-விட்த் (குறைந்தபட்ச அகலம்) 0 கொடுத்ததும் நகர்ந்தது. ஆனால் அதே 10 சதவீத வேகத்தில் இன்னொன்றும் தெரிந்தது: அகலம் மாற மாற வரிகள் உடைந்து உடைந்து சேர்கின்றன, கடைசிச் சொல் மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் தாவுகிறது. முழு வேகத்தில் அது ஒரு நடுக்கம் மாதிரி தெரியும். ஒருமுறை பார்த்துவிட்டால் எல்லாத் தளத்திலும் அதுதான் கண்ணில் படும்.

மாற்றுவழி_மணி

நெடுஞ்சொல் சகோ, அந்த நடுக்கத்துக்குக் காரணம், ஒவ்வொரு ஃபிரேமிலும் லேஅவுட்டை மறுபடி கணக்கிட வேண்டியிருக்கிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட்தான். லேஅவுட்டைத் தொடாமல் வரைந்ததை மட்டும் நகர்த்தும், நீட்டும் ட்ரான்ஸ்ஃபார்முக்கு அந்தச் செலவு இல்லை. அதனால்தான் 2015-இல் பால் லூயிஸ் ஃபிளிப் என்று பெயர் வைத்த முறை இன்றும் உயிரோடு இருக்கிறது: தொடக்க இடத்தை அளந்துகொள், கிரிட்டைச் சட்டென்று மாற்று, புது இடத்தை அள, ட்ரான்ஸ்ஃபார்மால் பழைய இடத்தில் இருப்பதுபோல் காட்டு, பிறகு விடு. அகலமும் மாறினால் ஸ்கேல் எழுத்துகளை இழுத்துவிடும், 'ழ' சப்பட்டையாகும், அதைத் தனியாகச் சமாளிக்க வேண்டும்.

இப்போது, பழைய தோற்றத்திலிருந்து புதுத் தோற்றத்துக்குப் பிரவுசரே நகர்த்திக் காட்டும் வியூ ட்ரான்சிஷன் இருக்கிறது. குரோம் 111, சஃபாரி 18, ஃபயர்பாக்ஸ் 144. கிரிட்-காலம் எண்ணை மாற்றினாலும், ஏரியா பெயரை மாற்றினாலும் நகரும், சாதாரண ட்ரான்சிஷனில் அவை குதிக்கத்தான் செய்யும். பெட்டி மட்டும்தான் வேண்டுமென்றால் குரோம் 129-இலிருந்து இன்டர்போலேட்-சைஸ் இருக்கிறது, ஹைட் ஆட்டோவுக்கே போகலாம், மற்ற பிரவுசரில் குதித்தால் குதிக்கட்டும். அப்புறம் ரெட்யூஸ்டு மோஷன் (அசைவைக் குறைக்கும் அமைப்பு) கேட்டவர்களுக்கு எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள்.

என் கதை சின்னதுதான். லூப்பில் வந்த எல்லா அட்டைக்கும் ஒரே வியூ-ட்ரான்சிஷன்-நேம் (எது எதுவாக நகர வேண்டும் என்று அடையாளம் காட்டும் பெயர்) போயிருந்தது. ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் மொத்தமும் ரத்து. கன்சோலில் ஒரு வரி. அதை யாரும் திறந்து பார்க்கவில்லை.

பழைய_கை

நான் எழுதியது நீளம் என்று யாரும் இனிமேல் சொல்லக் கூடாது.

புதுசு_2

அண்ணன்மாரே, கதை இல்லை, சந்தேகம். ஆட்டோ 1எஃப்ஆர்-இலிருந்து 0 1எஃப்ஆர்-க்கு மாற்றுகிறேன். எர்ரர் இல்லை, குதிக்கிறது. ஏன்?

அரைநொடி

ஆட்டோவுக்கும் பிக்சலுக்கும் நடுவில் இடைமதிப்பு கிடையாது தம்பி. பிக்சலிலிருந்து எஃப்ஆருக்கும் அப்படித்தான். காலம்களின் (பத்திகளின்) எண்ணிக்கை மாறினாலும் குதிக்கும், அதனால் பத்தியை எடுக்காதே, 240 பிக்சலிலிருந்து 0 பிக்சலுக்குக் கொண்டுபோ. கேப் (பத்திகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி) மட்டும் அப்படியே நிற்கும், அதையும் ட்ரான்சிஷனில் சேர்த்துக்கொள்.