சாவிக் கோப்புகளைக் கட்டளைவரியில் நாமே நிர்வகிப்பதா, சாவிச் சேவையகத்திடம் ஒப்படைப்பதா?

முனையவாசி:

எங்கள் குழுவில் நால்வர் இருக்கிறோம். 12 கணினிகள் எங்கள் பொறுப்பில் உள்ளன. ஒவ்வோர் இரவும் தரவுத்தளத்தின் காப்புநகலை 256 பிட் சாவி கொண்ட ஏஇஎஸ் என்ற முறையில் குறியாக்கம் செய்து வெளிச் சேமிப்பகத்துக்கு அனுப்புகிறோம். சமச்சீர் குறியாக்கம் என்பதால் பூட்டவும் திறக்கவும் ஒரே சாவிதான். அந்தச் சாவிகளை இதுவரை கட்டளைவரியிலேயே நிர்வகித்து வந்திருக்கிறோம். ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்கக் கருவியின் ராண்ட் கட்டளையால் தற்செயலான 32 பைட்டுகளை உருவாக்கி, உரிமையாளர் மட்டும் படிக்கும்படி 600 அனுமதியுடன் ஒரு கோப்பில் வைத்து, அச்சிட்ட பிரதி ஒன்றை இரும்புப் பெட்டியில் பூட்டிவிடுவோம்.

இப்போது குழுவில் இருவர் இதைக் கைவிட்டு, சாவிகளை வைத்துக் காக்கும் சாவிச் சேவையகம் ஒன்றை நிறுவ வேண்டும் என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. காப்புநகல் தேவைப்படும் நாள் என்பது மற்ற எல்லாம் நின்றுபோன நாள். அன்று ஒரு வெற்றுக் கணினியும் ஒரு கட்டளையும் ஒரு தாளும் இருந்தால் தரவை மீட்டுவிட முடிய வேண்டும். சாவியைத் தரும் சேவையகமும் அதே விபத்தில் விழுந்திருந்தால், அதை எழுப்ப அதன் காப்புநகல் வேண்டும்; அந்த நகலைத் திறக்க இன்னொரு சாவி வேண்டும். இதற்கு எதிரான வாதம் என்னவென்று அறிய விரும்புகிறேன்.

பூட்டுத்தச்சன்:

எதிர்வாதம் உங்கள் விவரிப்பிலேயே இருக்கிறது. சாவி ஒரு கோப்பாக இருக்கும்வரை, அது யாரால், எப்போது, எத்தனை முறை நகலெடுக்கப்பட்டது என்பதற்கு எந்தப் பதிவும் கிடையாது. கோப்பைப் படிக்க உரிமை உள்ளவர் அதை எடுத்துச் செல்லவும் உரிமை உள்ளவராகிவிடுகிறார். கோப்புகளைப் பூட்டித் திறக்கும் ஓபன்எஸ்எஸ்எல்லின் என்க் கட்டளைக்குச் சாவியைப் பதினறும எண்களாகக் கட்டளைவரியிலேயே கொடுக்கும் ஸ்கிரிப்டுகளை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அப்படிக் கொடுத்தால், கட்டளை ஓடும் நேரம் முழுவதும் அதே கணினியில் உள்ள வேறொரு பயனர், ஓடும் கட்டளைகளைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையைத் தட்டினாலே சாவி கண்ணில் பட வாய்ப்பு உண்டு. கையால் தட்டச்சு செய்தால் ஷெல்லின் வரலாற்றுக் கோப்பிலும் அது தங்கிவிடும்.

என்க் கட்டளையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். கடவுச்சொல்லிலிருந்து சாவியை வருவிக்க அது பயன்படுத்தும் இயல்பு ஹாஷ் (தரவைக் குறித்த நீளமுள்ள சுருக்கமாக்கும் கணிப்பு), 2016இல் வந்த 1.1.0 பதிப்பில் எம்டி5இலிருந்து எஸ்ஹெச்ஏ-256க்கு மாறியது. பழைய பதிப்பில் பூட்டிய கோப்பைப் புதிய பதிப்பில் அதே கடவுச்சொல்லுடன் திறந்தால், சொல் தவறு என்பதுபோன்ற பிழைதான் வரும். ஹாஷின் பெயரை வெளிப்படையாகக் குறிப்பிட்டால் மட்டுமே திறக்கும். 2018இல் 1.1.1 வெளியாகும் வரையில், சாவி வருவிப்பைத் தாமதமாக்கி ஊகிப்பைக் கடினமாக்கும் பிபிகேடிஎஃப்2 என்ற விருப்பமே அதில் இல்லை. ஜிசிஎம் போன்ற, திருத்தத்தைக் கண்டுபிடிக்கும் முறைகளை இன்றும் அது ஆதரிப்பதில்லை. தொகுதிகளைச் சங்கிலிபோல் இணைத்துப் பூட்டும் சிபிசி முறையில் பூட்டிய கோப்பில் ஒருவர் ஒரு பிட்டைப் புரட்டினால் அந்தத் தொகுதி சிதைந்து, அடுத்த தொகுதியில் அதே பிட் புரண்டுவிடும். கட்டளையோ எதுவும் நடவாததுபோல வேலையை முடித்துவிடும்.

வால்ட் என்ற சாவிச் சேவையகத்தின் டிரான்சிட் வசதியில் சாவி வெளியே வருவதில்லை. தரவை அனுப்பினால் குறியாக்கம் செய்த உரை திரும்பி வருகிறது; அதன் தொடக்கத்திலேயே சாவியின் பதிப்பு எண்ணும் இருக்கிறது. யார் கேட்டார்கள் என்பது தணிக்கைப் பதிவில் சேர்கிறது.

முனையவாசி:

கட்டளைவரியில் சாவியை எழுதுவது தவறு என்பதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அது பயன்படுத்துபவரின் தவறு. சாவியைக் கோப்பு விவரிப்பான் (திறந்த கோப்பைக் குறிக்கும் எண்) வழியாகவோ உள்ளீட்டுக் குழாய் வழியாகவோ கொடுக்கும் வசதி நல்ல கருவிகள் எல்லாவற்றிலும் உண்டு. லினக்ஸ் கெர்னலில் சாவிகளை நினைவகத்தில் வைத்திருக்கும் கீரிங் இருக்கிறது. கீசிடிஎல் கட்டளையால் சாவியை உள்ளீட்டிலிருந்து வாங்கி அதில் இட்டு, இத்தனை நொடிகளுக்குப் பின் காலாவதியாகட்டும் என்று சொல்லிவைக்கலாம். என்க் கட்டளையை நாங்களும் கைவிட்டு ஜிபிஜி என்ற குறியாக்கக் கருவியின் சமச்சீர் முறைக்கு வந்துவிட்டோம். அது திருத்தப்பட்ட கோப்பைக் கண்டால் பிழை சொல்கிறது.

சாவி வெளியே வருவதில்லை என்ற கூற்றைத்தான் நான் கேள்விக்கு உட்படுத்துகிறேன். பல ஜிகாபைட் காப்புநகலைச் சேவையகத்துக்குள் அனுப்பி வாங்க யாரும் முயல்வதில்லை. அமேசானின் சாவி மேலாண்மைச் சேவையான கேஎம்எஸ் நேரடியாகக் குறியாக்கம் செய்ய 4,096 பைட்டுகளுக்கு மேல் ஏற்பதே இல்லை. ஆகவே நடைமுறையில் தரவுச்சாவி ஒன்றைக் கேட்டு வாங்கி, அதனால் நகலைப் பூட்டி, சேவையகத்திலேயே தங்கும் தலைமைச்சாவியால் மூடப்பட்ட, அதாவது குறியாக்கம் செய்யப்பட்ட, தரவுச்சாவியை நகலோடு சேர்த்து வைப்பதே வழக்கம். அந்தத் தரவுச்சாவி எங்கள் கணினியின் நினைவகத்துக்கு வந்துதான் தீர வேண்டும்.

இன்னொன்று: வால்ட்டைத் திறக்கும் சாவி எங்கே இருக்கிறது? இயல்பு அமைப்பில், ஆதி ஷமீர் 1979இல் வெளியிட்ட முறைப்படி, அது 5 பங்குகளாகப் பிரிக்கப்படுகிறது. அவற்றில் 3 சேர்ந்தால் திறக்கும். அந்த ஐந்தும் யாரோ ஐவரின் தாளிலோ கோப்பிலோதானே இருக்கப் போகின்றன? நால்வர் உள்ள குழுவில் அதை எப்படிப் பங்கிடுவது?

காப்பகத்தார்:

இருவரும் சாவி திருடுபோவதைப் பற்றியே பேசுகிறீர்கள். என் அனுபவத்தில் காப்புநகலை இழப்பதற்கு அதைவிட எளிய காரணம் உண்டு. நான் முன்பு பணியாற்றிய ஓர் இடத்தில், இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய நகல் ஒன்றைத் திறக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் சாவி மூன்று முறை மாற்றப்பட்டிருந்தது. நான்கு சாவிகளும் பத்திரமாக இருந்தன. எந்த நகலுக்கு எந்தச் சாவி என்ற குறிப்புதான் இல்லை. கோப்புப் பெயரில் இருந்த வரிசை எண்ணை, சேமிப்பகத்தை மாற்றிய ஒருவர் ஒழுங்குபடுத்தும் நோக்கத்தில் நீக்கியிருந்தார். ஒவ்வொன்றாக முயன்று பார்த்தோம். சிபிசி முறையில் தவறான சாவியும் ஏறத்தாழ 256இல் ஒரு முறை கடைசித் தொகுதியை நிரப்பச் சேர்க்கும் பைட்டுகளின் சோதனையைத் தாண்டிவிடும் என்பதால், பிழை வரவில்லை என்பதை மட்டும் நம்பவும் முடியவில்லை. நான்கு முயற்சிகளில் முடிந்த வேலைதான். ஆனாலும் நாற்பது சாவிகள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் என்னைவிட்டு இன்னும் அகலவில்லை.

முனையவாசி அவர்கள் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. 32 பைட்டுகளை அப்படியே இருமக் கோப்பாக வைத்து ஜிபிஜிக்குக் கடவுச்சொல் கோப்பாகக் கொடுக்கிறீர்களா? அந்த விருப்பம் கோப்பின் முதல் வரியை மட்டுமே படிக்கும். தற்செயலான 32 பைட்டுகளில் எங்கேனும் ஒரு வரிமுடிவுக் குறி விழுவதற்கான வாய்ப்பு 100இல் ஏறக்குறைய 12. அப்படி விழுந்தால் அதற்குப் பின்னுள்ள பைட்டுகள் சாவியில் சேரவே சேராது. மூன்றாவது இடத்தில் விழுந்தால் உங்கள் சாவி இரண்டே பைட்டுகள்தான். பூட்டும்போதும் திறக்கும்போதும் ஒரே இடத்தில் வெட்டுப்படுவதால் எல்லாம் சரியாக நடப்பதாகவே தோன்றும்; பல ஆண்டுகள் ஆனாலும் தெரியவராது. ஓபன்எஸ்எஸ்எல்லின் கடவுச்சொல் கோப்பும் இதே முறையில் முதல் வரியைத்தான் எடுக்கிறது. வட்டுக் குறியாக்கக் கருவியான கிரிப்ட்செட்டப்போ சாவிக் கோப்பு என்று குறிப்பிட்டால் வரிமுடிவையும் சேர்த்து முழுவதையும் படிக்கும். எக்கோ கட்டளை கடைசியில் ஒட்டிவிட்ட வரிமுடிவும் அங்கே சாவியின் பகுதியாகிவிடும். ஒரே கோப்பு இரண்டு கருவிகளுக்கு இரண்டு வெவ்வேறு சாவிகள்.

முனையவாசி:

இருமக் கோப்பாகத்தான் வைத்திருந்தோம். உங்கள் பதிவைப் படித்த உடனே எங்கள் 31 சாவிக் கோப்புகளையும் சோதித்தேன். மூன்றில் வரிமுடிவுக் குறி இருக்கிறது. அவற்றுள் ஒன்றில் அது ஆறாவது பைட். அந்தச் சாவியால் பூட்டிய நகல்களை இன்றிரவே புதிய சாவியால் மறுபடி பூட்டத் தொடங்கியிருக்கிறேன். இனிச் சாவிகளை 44 எழுத்துகள் கொண்ட ஒற்றை வரி பேஸ்64 (பைட்டுகளை அச்சிடத்தக்க எழுத்துகளாக எழுதும் முறை) உரையாகவே உருவாக்குவோம். உங்களுக்கு நன்றி.

பூட்டுத்தச்சன்:

இதைத்தான் நான் சொல்ல முயன்றேன். இவ்வளவு கவனமாகச் செயல்படும் ஒருவரிடமே 31இல் மூன்று சாவிகள் குறைபட்டிருக்கின்றன. இது தனி ஒருவரின் கவனத்தை நம்பி விடக்கூடிய வேலையன்று. சாவியை உருவாக்குவது, எண்ணிடுவது, பழையதைத் திறப்பதற்கு மட்டும் அனுமதிப்பது ஆகியவற்றைச் சேவையகம் தானே செய்கிறது. ஜிபிஜியின் பிழைச் செய்தியை நம்புவதிலும் ஓர் எச்சரிக்கை தேவை: கோப்பு முழுவதையும் சரிபார்த்து முடிக்கும் முன்பே அது திறந்த உரையை வெளியே அனுப்பத் தொடங்கிவிடுகிறது. அதைக் குழாய் வழியே நேராகத் தரவுத்தளத்துக்குள் செலுத்தினால், பிழை வரும்போது திருத்தப்பட்ட தரவு ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். முதலில் ஒரு தற்காலிகக் கோப்பில் திறந்து, கட்டளை முடியும்போது வெற்றியா தோல்வியா என்று தரும் எண்ணைப் பார்த்த பிறகே ஏற்ற வேண்டும்.

இனி என் முதன்மையான வாதத்துக்கு வருகிறேன். உங்கள் 12 கணினிகளில் ஒவ்வொன்றும் இரவில் நகலைப் பூட்டுகிறது. அதற்கான சாவி அதிலேயே இருக்கிறது. அந்தக் கணினிக்குள் நுழைந்தவர் அன்றைய தரவை எடுப்பது ஒருபுறம் இருக்க, அதே சாவியால் பூட்டிய பழைய நகல்கள் அனைத்தையும் திறக்க முடியும். சமச்சீர் சாவியின் இயல்பே இது. சேவையகம் இருந்தால், தரவுச்சாவியைக் கேட்கும் உரிமையை அந்தக் கணினிக்குத் தந்து, மூடிய சாவியைத் திறக்கும் உரிமையைத் தராமல் விடலாம். நால்வரில் ஒருவர் வேலையை விட்டுச் செல்லும் நாளிலும் அவருடைய அனுமதியை நீக்கினால் போதும். உங்கள் முறையில், அவர் கையில் எத்தனை சாவிக் கோப்புகள் இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியாது.

காப்பகத்தார்:

முதல் பகுதி வலுவான வாதம். இரண்டாவதைச் சற்றுக் குறைத்துச் சொல்லுங்கள்: சென்றவர் முன்பே திறந்து வாங்கிய தரவுச்சாவிகளை எந்த அனுமதி நீக்கமும் திரும்பப் பெறாது. தலைமைச்சாவியை மாற்றித் தரவுச்சாவிகளை மறுபடி மூடுவதும் அவற்றுக்கு உதவாது.

சாவி மாற்றம் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதில் தேவையற்ற அச்சமும் தேவையற்ற அலட்சியமும் கலந்திருக்கின்றன. ஜிசிஎம் முறையில் தற்செயலான 96 பிட் நான்ஸைப் (ஒவ்வொரு பூட்டலுக்கும் தனியான எண்) பயன்படுத்தும்போது ஒரே சாவியால் 2இன் 32ஆம் அடுக்குக்கு, அதாவது ஏறத்தாழ 430 கோடி முறைக்கு மேல் பூட்டக்கூடாது என்பது அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் விதித்த வரம்பு. 12 கணினிகள் இரவுக்கு ஒரு முறை பூட்டினால் அந்த வரம்பை அடையப் பல லட்சம் ஆண்டுகள் ஆகும். ஆகவே நீங்கள் சாவியை மாற்றுவது அது தேய்ந்துவிடும் என்பதற்காக அன்று. ஒன்று கசிந்தால் எத்தனை நகல்கள் போகும் என்பதை அளவுபடுத்தத்தான். பூட்டுவதற்கு ஒரு சாவியை 2 ஆண்டுகள் வரையிலும், திறப்பதற்கு அதன் பிறகு மேலும் 3 ஆண்டுகள் வரையிலும் வைத்திருக்கலாம் என்று அதே நிறுவனத்தின் வழிகாட்டி பரிந்துரைக்கிறது. பழைய சாவியை அழிக்கும் நாளை, அதனால் பூட்டிய கடைசி நகல் அழியும் நாள்தான் தீர்மானிக்க வேண்டும். எஸ்எஸ்டி வட்டில், கோப்பின் மேல் எழுதி அழிக்கும் ஷ்ரெட் கட்டளை பழைய பைட்டுகளின் மீதே எழுதும் என்பதற்கு உறுதி இல்லை. எனவே சாவிக் கோப்பைத் தொடக்கத்திலிருந்தே தலைமைச்சாவியால் மூடி வைத்திருப்பதுதான் பின்னர் அழிப்பதை எளிதாக்கும்.

நகலின் தலைப்பில், குறியாக்கத்துக்கு வெளியே, சாவியின் அடையாளத்தை எழுதுங்கள். சாவியைக் கொண்டு ஒரு மாறாத சொற்றொடருக்கு ஹெச்மேக் என்ற, சாவியைச் சார்ந்த ஹாஷைக் கணித்து, அதன் முதல் 8 பைட்டுகளை அடையாளமாக்கலாம்.

பூட்டுத்தச்சன்:

அந்த அடையாளத்தில் ஓர் இடர் உண்டு. யாராவது தற்செயல் பைட்டுகளுக்குப் பதிலாக மனிதர் நினைவில் வைக்கும் கடவுச்சொல்லைச் சாவியாக வைத்துவிட்டால், அந்த 8 பைட்டுகள் ஊகித்துப் பார்ப்பவருக்கு விரைவான சோதனைக்கல்லாகிவிடும். சாவி வருவிப்பைத் தாமதமாக்கும் ஏற்பாடு முழுவதும் வீணாகும். தொடர்பே இல்லாத ஒரு தற்செயல் பெயரை வைப்பது மேல்.

காப்பகத்தார்:

தற்செயல் பெயர் சாவியோடு தவறாகப் பொருத்தப்பட்டால் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. நான் பட்ட துன்பமே அதுதான். உண்மையான 256 பிட் தற்செயல் சாவியை ஊகித்து அடைய முடியாது. கடவுச்சொல்லை நுழையவிடாமல் சாவியை உருவாக்கும் ஸ்கிரிப்டிலேயே தடுப்பதுதான் முறை.

முனையவாசி:

பூட்டும் கணினியே திறக்கவும் வல்லதாக இருக்கிறது என்ற குறையை நான் எண்ணிப் பார்த்ததில்லை. அதற்கு என்னிடம் மறுப்பும் இல்லை. ஆனால் அதைத் தீர்க்கச் சேவையகம் ஒன்றுதான் வழி என்பதை ஏற்க மாட்டேன். ஒவ்வோர் இரவும் புதிய தரவுச்சாவி ஒன்றை உருவாக்கி, அதைப் பூட்ட மட்டுமே உதவும் பொதுச்சாவியால் மூடி, தரவுச்சாவியை நினைவகத்திலிருந்து விட்டுவிட்டால், அந்தக் கணினியால் நேற்றைய நகலைக்கூடத் திறக்க முடியாது. ஏஜ் என்ற கோப்புக் குறியாக்கக் கருவி தன் பெறுநர் முறையில் இதைத்தான் செய்கிறது: கோப்புக்கு ஒரு புதிய சமச்சீர் சாவி, அதற்கு மேல் எக்ஸ்25519 என்ற பொதுச்சாவி முறையிலான மூடி. 64 கிலோபைட் துண்டு ஒவ்வொன்றையும் சரிபார்த்த பிறகே வெளியே விடுகிறது என்பதால் குழாய் பற்றிய உங்கள் எச்சரிக்கையில் பெரும்பகுதியும் அதனால் தீர்கிறது. நகலின் வால் வெட்டுப்பட்டிருந்தால் மட்டும் கடைசியில்தான் தெரியவரும் என்பதால் முடிவெண்ணைப் பார்ப்பதை விட மாட்டேன். திறக்கும் தனிச்சாவி இணையத்தோடு தொடர்பில்லாத இடத்தில், இரண்டு தாள்களில் இருக்கும்.

தணிக்கைப் பதிவு எங்களுக்குக் கிடைக்காது என்பது உண்மையான இழப்பு. நால்வர் உள்ள இடத்தில் அந்த இழப்பைத் தாங்கலாம் என்பது என் கணிப்பு. நாற்பது பேர் இருந்தால் தாங்க மாட்டேன்.

பூட்டுத்தச்சன்:

அப்படியானால் நாம் விவாதிக்கத் தொடங்கிய சமச்சீர் சாவிக் கோப்புகளை நீங்களே கைவிட்டுவிட்டீர்கள். அதை நான் வரவேற்கிறேன். தணிக்கை குறித்த கணிப்பை ஏற்கவில்லை. நால்வரில் யார் அந்தத் தாளை எடுத்தார் என்று தெரியாமல் போவதற்கு ஒருவரே போதும். குறைந்தது, பெட்டியைத் திறப்பவர் இருவராக இருக்கட்டும். திறந்த நாளும் காரணமும் கையெழுத்தோடு பதிவாகட்டும்.

காப்பகத்தார்:

கையெழுத்து ஏற்பாட்டை நானும் வழிமொழிகிறேன். அடுத்த வாரம், வழக்கமாக மீட்புப் பணியைச் செய்யாத ஒருவரிடம் வெற்றுக் கணினியையும் பெட்டியில் உள்ள அந்தக் காலச் சாவியின் தாளையும் மட்டும் கொடுத்து, 18 மாதத்துக்கு முந்தைய நகல் ஒன்றைத் திறக்கச் சொல்லுங்கள். தாளில் உள்ள எழுத்துருவில் பூஜ்யமும் ஆங்கில ஓவும் வேறுபட்டுத் தெரிகின்றனவா என்பதை அதற்கு முன் பார்த்துவிடுங்கள். பேஸ்64 உரையில் அவை இரண்டும் உண்டு.