அலமாரி, கட்டில் வேலைக்கு முதல் சாண்டர் (மரம் தேய்க்கிற மெஷின்) எது வாங்கலாம்?

தேவிபட்டினம் மரப்பட்டறை:
அண்ணன்மாருக்கு வணக்கம். வீட்டுக்குப் பின்னால சின்னதா பட்டறை போட்டிருக்கேன். பூவரசு, வேம்பு, பழைய தேக்கு, மிச்சம் வெனீர் (மெல்லிய மரத்தகடு) ஒட்டின பிளைவுட். இதுவரை உப்புத்தாளைக் கட்டையில சுத்திக் கையாலதான் தேய்க்கிறேன். நாலு கதவு அலமாரின்னா தோள்பட்டை கழண்டுடுது. வல்லம் (படகு) கட்டுற மாமா, "கிரைண்டர்ல சாண்டிங் டிஸ்க் மாட்டுடா, போதும்"ங்கிறார். கடையில பெல்ட் சாண்டரைக் காட்டுறாங்க. எதை எடுக்க?

கீழக்கரை ஆசாரி:
தம்பி, மாமா சொல்றது வல்லத்துக்குச் சரி. அங்க மேல பெயின்ட் மூடிரும். அலமாரிக் கதவுல கிரைண்டர் பிறை பிறையாத் தோண்டும். வெறும் மரத்துல கண்ணுக்குத் தெரியாது, பாலிஷ் ஏறினதும் ஒவ்வொண்ணா எந்திரிச்சு நிக்கும்.

பெல்ட் சாண்டர் இழைப்புளி போட வேண்டிய இடத்துக்கு. பலகை ஒட்டின மேசைத்தட்டை மட்டம் பண்ண நல்லது. வெனீர் பக்கம் கொண்டு போயிராத. பல பிளைவுட்ல மேல் வெனீர் அரை மில்லிகூடத் தேறாது, கண் மூடித் திறக்கிறதுக்குள்ள அடிப்பலகை வந்துரும்.

உனக்கு வேண்டியது 5 இஞ்சு ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர். தட்டு சுத்தவும் செய்யும், அச்சு விலகி ஆடவும் செய்யும். அதனால ஒரே தடத்துல திரும்பத் திரும்ப ஓடாது, மரத்து ரேகைக்குக் குறுக்க போனாலும் பெருசா கோடு விழாது. வேகம் கூட்டிக் குறைக்கிற மாடலா எடு. போஷ் ஜிஇஎக்ஸ் 125-1 ஏஇ 250 வாட்தான், அலமாரி வேலைக்குத் தாராளம். மகிடான்னா பிஓ5031, பிஓ5030-ல வேகம் மாத்த முடியாது.

மரத்து மேல வச்சிட்டு ஆன் பண்ணு. அமுக்காத, மெஷின் கனமே போதும். பலகை முழுக்கப் பென்சில்ல கிறுக்கிட்டு 80-ம் நம்பர் உப்புத்தாள் டிஸ்க்ல தேய். கிறுக்கல் போனா 120-க்கு மாறு, திரும்பக் கிறுக்கு, அப்புறம் 180. நடுவுல நம்பரைத் தாண்டாத. வெனீருக்கு 180-லேயே ஆரம்பி. உள்மூலைக்கு வட்டத்தட்டு போகாது, அதுக்கு உன் பழைய கட்டைதான்.

மண்டபம் பாய்:
ஆசாரி சொன்னதுக்கு மேல ரெண்டு விஷயம். கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல கடல் பக்கக் கதவைத் திறந்து வச்சுத் தேய்க்காதீங்க. ஒரு பொடி மணல் டிஸ்க் அடியில மாட்டினா சுருள் சுருளா கீறிரும். வேலை முடிஞ்சா மெஷின் ஓட்டையெல்லாம் ஊதிட்டு மூடி போட்ட பெட்டியில வைங்க. உப்புக் காத்துல ஆணியில தொங்கவிட்டா ஸ்விட்சு சீக்கிரம் மக்கர் பண்ணும்.

கூட வர்ற தூசிப் பை எல்லாத்தையும் பிடிக்காது. வாக்குவம் குழாய் மாட்டுங்க, முகக்கவசமும் போடுங்க. மரத்தூள் புற்றுநோய் வரவைக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட ஆய்வு அமைப்பே பட்டியல்ல வச்சிருக்கு. வேப்பந்தூள் அதுக்கு முன்னாடியே மூக்கை ஒரு வழி பண்ணிரும்.

தேவிபட்டினம் மரப்பட்டறை:
நன்றிண்ணே. மச்சான் சவுதியில இருந்து லீவுக்கு வர்றார். அங்கேயே வாங்கிட்டு வரச் சொல்லவா?

கீழக்கரை ஆசாரி:
மெஷின்ல ஒட்டியிருக்கிற தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு. 110 வோல்ட் மெஷினா இருந்தா, நம்ம 230-ல சொருகினதும் புகைதான். 220-240ன்னு இருந்தா வாங்கலாம். ஆனா ரிப்பேருக்கு இங்க வாரண்டி செல்லுமான்னு கேட்டுக்க. டிஸ்க் இங்கேயே எடு. தட்டுல 8 ஓட்டைன்னா டிஸ்க்லயும் 8, ரெண்டும் நேரா பொருந்தணும். இல்லேன்னா வாக்குவம் மாட்டியும் தூசி உள்ள போகாது.