'ரெய்னி டே'க்குத் தமிழில் என்ன சொல்வீர்கள்?

வணக்கம் நண்பர்களே. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். இந்த வாரம் பணம் பற்றிய மரபுத்தொடர்கள். பாதிக்கு மேல் சுலபமாக முடிந்துவிட்டது. 'காஸ்ட் ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்' என்றால் யானை விலை, குதிரை விலை. 'பென்னி வைஸ், பவுண்ட் ஃபூலிஷ்' வந்ததும், கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் ஆராயார் என்றேன். 1971 வரை ஒரு பவுண்டுக்கு 240 பென்னி என்றும் சொன்னேன். சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

மாட்டிக்கொண்டது 'சேவ் ஃபார் எ ரெய்னி டே'யில்தான். சொல்லுக்குச் சொல் பார்த்தால் மழை நாளுக்குச் சேர்த்து வை; பொருள், கஷ்ட காலத்துக்குக் காசு ஒதுக்கி வை. கடைசி வரிசைப் பையன், அப்பா நெல் போட்டிருக்கிறார், எழுந்து கேட்டான்: "மழை வந்தா நல்லதுதானே மிஸ்? அதுக்கு எதுக்குக் காசு சேர்க்கணும்?"

நியாயமான கேள்வி. மழைக்காலத்துக்கு எறும்பு இரை சேர்ப்பதைச் சொல்லிப் பார்த்தேன். அவன் முகம் தெளியவில்லை. 'ஆத்திர அவசரத்துக்கு' என்றால் பொருள் சரியாக வருகிறது, ஆனால் கண்முன் ஒரு காட்சி வரவில்லையே.

அப்புறம் 'ஸ்பெண்ட் எ பென்னி'. செலவு மாதிரி தெரியும், பொருளோ கழிப்பறைக்குப் போவது. 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் கழிப்பறைக்கு ஒரு பென்னி வாங்கினார்கள். இதைப் பாடத்தில் சேர்க்கலாமா?

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கஷ்ட காலத்துக்குக் காசு ஒதுக்குவதை எப்படிச் சொல்வார்கள்? ஊர் வழக்கு என்றால் இன்னும் நல்லது. வெள்ளிக்கிழமை வகுப்புக்குள் சொன்னால் பெரிய உதவி.